பந்து விழாத பங்க்கர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நேஷனல் என்னும் தனியார் கோல்ஃப் மன்றத்தின் பத்தாம் தடத்தில், ஏறத்தாழ 60 கெஜ நீளத்துக்கு ஒரு வெண்மணற் பள்ளம் விரிந்து கிடக்கிறது. பங்க்கர் எனப்படும் இத்தகைய பள்ளங்கள், குறி தவறிய பந்தை மணலில் சிக்கவைத்து மீட்பதைக் கடினமாக்குவதற்காகத் தோண்டப்படுபவை. ஆனால் இந்தப் பள்ளமோ, குழியைச் சுற்றி ஒட்டக் கத்தரித்த புல்தரையான கிரீனுக்கு ஏறத்தாழ நூறு கெஜம் முன்னதாகவே இருப்பதால், தேர்ந்த ஆட்டக்காரர்களின் பந்து இதில் விழுவது அரிது. முதலில் கிரீன் இதன் அருகில் தாழ்நிலத்தில்தான் இருந்தது. அங்கு நீர் வடியாமற்போகவே, 1937-இல் பெரி மேக்ஸ்வெல் என்னும் வடிவமைப்பாளர் அதனை மேட்டுக்கு மாற்றினார். காவல் காத்துநின்ற பள்ளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. தடங்களை நீட்டியும் மரங்களை நட்டும் தன் நிலத்தை ஓயாது திருத்திவரும் ஒரு மன்றம் இதனை மட்டும் மூடாது காத்துவருவது நன்றியுணர்வுள்ள செயலாகும். ஏனெனில் புல் நாக்குகள் மணலுக்குள் நீளும் அதன் ஒழுங்கற்ற விளிம்பில், இத்திடலை வரைந்தவர்களுள் ஒருவரான அலிஸ்டர் மெக்கென்சியின் கைவண்ணத்தை இன்றும் காணலாம்.

மெக்கென்சி அடிப்படையில் மருத்துவர். போயர் போரில் பிரித்தானியப் படையுடன் தென்னாப்பிரிக்கா சென்ற அவரை, டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் நிலத்தோடு நிலமாகத் தம்மை மறைத்துக்கொண்ட திறம் பெரிதும் ஈர்த்தது. அத்திறத்துக்குச் சிறந்த சான்று 1899-இல் மாகர்ஸ்ஃபொன்டைனில் நடந்த போர்: பிரித்தானியப் பீரங்கிகள் பகைவர் குன்றின்மேல் இருப்பதாக எண்ணிக் குன்றையே தாக்கிக்கொண்டிருக்க, போயர்களோ குன்றின் அடிவாரத்தில், புதர்களாலும் புல்லாலும் மூடிய அகழிகளில் காத்திருந்தனர். எதிரியின் கண்ணிலிருந்து படையையும் கருவியையும் மறைக்கும் இக்கலை உருமறைப்பு எனப்படும். முதல் உலகப் போரில் அதனைப் படையினருக்குக் கற்பித்தவர்களுள் மெக்கென்சியும் ஒருவர். உருமறைப்பும் கோல்ஃப் தடம் அமைத்தலும் இயற்கையைப் பார்த்துச் செய்யும் ஒரே கலையின் இரு கிளைகள் என்பது அவர் உறுதியாகக் கொண்ட கருத்து. மனிதன் வெட்டியது எது, காற்றும் நீரும் அரித்தது எது என்று புதியவரால் பிரித்தறிய முடியாதபடி தடம் அமைய வேண்டும் என அவர் விரும்பினார். மேடு பள்ளங்களைக் கொண்டு தொலைவைப் பற்றிய கண்ணின் கணிப்பைக் குழப்பவும் அவர் அறிந்திருந்தார்.

ஆயினும் அவர் நோக்கம் ஆட்டக்காரரைத் தண்டிப்பதன்று. 1920-இல் வெளிவந்த தம் சிறு நூலில் அவர் வகுத்த நெறிகளுள் மிகவும் மனிதநேயமுடையது, வலிமை குன்றியவருக்கும் ஒரு மாற்றுவழி இருக்கவேண்டும் என்பது. அவ்வழியில் செல்பவர் ஓரடியை இழக்கலாமேயன்றி நம்பிக்கையை இழக்கலாகாது. 1931-இல் அகஸ்டா மன்றத்துக்காக, முன்பு பெர்க்மன்ஸ் குடும்பத்தாரின் செடிப்பண்ணையாக இருந்த 365 ஏக்கர் நிலத்தை வாங்கிய கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ், அவரைத் துணைக்கு அழைத்ததற்கு இக்கருத்தொற்றுமையே காரணம் எனலாம். தடத்தின் நடுவேயுள்ள அகன்ற புல்வெளியான ஃபேர்வேயைத் தாராளமாக விரித்து, பங்க்கர்களைச் சிக்கனமாக வைத்து, இருவரும் சேர்ந்து வரைந்த அத்திடல், எல்லாத் தரத்தாருக்கும் இடந்தருவதாகவே எண்ணப்பட்டது. ஆனால் முதல் கறுப்பின உறுப்பினருக்கு 1990 வரையும், முதல் பெண் உறுப்பினர்களுக்கு 2012 வரையும் அதன் வாயிற்கதவு திறக்கவில்லை. தரையில் இருந்த பெருந்தன்மை வாயிலில் இல்லாமற்போனது வருந்தத்தக்கது. 1934 ஜனவரியில் மறைந்த மெக்கென்சி, அவ்வாண்டு மார்ச்சில் அங்கு நடந்த முதற்போட்டியைக்கூடக் காணவில்லை.

மாற்றுவழி அருகிய தடம் ஒன்றும் அங்குண்டு. 155 கெஜமே உள்ள பன்னிரண்டாம் தடத்தில், ரே ஓடைக்கு அப்பால் கிரீன் குறுகலாகவும் சாய்கோணமாகவும் கிடப்பதால், வலப்பக்கத்தைக் குறிவைப்பவர் இடப்பக்கத்துக்கு வேண்டியதினும் தொலைவாக அடிக்கவேண்டும். மரங்களிடையே சுழலும் காற்றோ அக்கணக்கைக் கலைத்துவிடும். 2016-இல் அங்கு நடந்த போட்டியில் முன்னணியில் இருந்த ஜோர்டான் ஸ்பீத் இருமுறை பந்தை நீரில் இழந்து, மூன்றடியில் முடிக்கவேண்டியதை ஏழடியில் முடித்தார்.

மெக்கென்சியின் நெறி முழுமையாக விளங்குவது அடுத்த தடத்தில்தான். இடப்புறமாக வளையும் அதன் முடிவில், கிரீனுக்கு முன்னால் ஓர் ஓடைக்கிளை ஓடுகிறது. துணிந்தவர் இரண்டாம் அடியிலேயே அதனைத் தாண்ட முயலலாம். தயங்குபவர் இப்பால் நிறுத்தி, மூன்றாம் அடியில் கடக்கலாம். பந்தும் மட்டையும் மேம்பட்டு, இரண்டாம் அடி பலருக்கும் எளிதானபோது, அத்தயக்கத்துக்கே இடமில்லாமற்போயிற்று. எனவே மன்றம் அண்டையிலுள்ள மற்றொரு கோல்ஃப் மன்றத்திடமிருந்து நிலம் வாங்கி, தொடக்க மேடையைப் பின்னுக்குத் தள்ளி, 2023-இல் 510 கெஜத்தை 545 கெஜமாக்கியது. ஓடைக்கு இப்பால் நின்று சிந்திக்கவேண்டிய தேவை ஆட்டக்காரருக்கு மீண்டும் ஏற்பட்டது.