மாமல்லபுரத்தில் மழைக்காலம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் புறப்படுகிறீர்களா? குடையை நம்பாதீர்கள், வாடைக் காற்று அதைப் புரட்டிப் போட்டுவிடும். புளியோதரையைக் கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டால் எப்போது வீடு திரும்புவீர்களோ!

கடற்கரைக் கோயிலுக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கலாம். மயங்கிவிடாதீர்கள். மீனவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய படகுகளைப் பாருங்கள். அத்தனையும் மணல்மேட்டில் இழுத்து ஏற்றப்பட்டிருந்தால், குழந்தைகள் எவ்வளவு அடம் பிடித்தாலும் சரி, உடனே ஊர் திரும்புங்கள். 2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு ‘மாண்டஸ்’ புயல் இந்த ஊருக்கு அருகேதான் கரையைக் கடந்தது. கோயில் எங்கே போய்விடப் போகிறது? தை பிறந்ததும் வந்து பார்க்கலாம்.