யார் தூண்டிவிட்டது?

எரிகிற விளக்கின் திரியை முன்னே தள்ளிவிடுவதுதான் தூண்டுதல். அதற்குரிய குச்சி தூண்டுகோல். பணி ஓய்வு விழாக்களில் 'மாணவர்களின் தூண்டுகோலாக விளங்கியவர்' என்று வாழ்த்துமடல் அச்சடிக்கிறோம். அதே வினையோடு 'விடு' ஒட்டியதும் நிறம் மாறிவிடுகிறது. 'தூண்டிவிட்டவர்' என்றால், தான் மறைவில் இருந்துகொண்டு கூட்டத்தைக் கிளப்பிவிட்டவர்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் விடுதி மாணவிகள் தண்ணீருக்காக வாசலில் உட்கார்ந்தார்கள். விசாரணையில் ஒவ்வொருத்தியிடமும் கேட்ட முதல் கேள்வி: "யாரும்மா உங்களைத் தூண்டிவிட்டது?" ஒரு பெண் சொன்னாள்: "மூணு நாளா ஓடாத மோட்டார்தான் மேடம்." அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முந்தைய வாரம் மகளிர் தினத்தில் பேசிய என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

என் பெயர் போனது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்தப் பெண்களின் பெயர் போனதுதான் வலித்தது. தன்வினை, பிறவினை நடத்துகிறவளுக்கு இது உடனே பிடிபடும். 'எழுந்தார்கள்' என்றால் அவர்கள் எழுவாய். 'தூண்டிவிடப்பட்டார்கள்' என்றதும் அவர்களுடைய கோபம்கூட வேறொருவரின் செயலாகிவிடுகிறது. 2021 ஜனவரியில், டெல்லி எல்லையில் விவசாயிகள் அமர்ந்திருந்தபோது, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கேட்டது நினைவிருக்கலாம்: பெண்களையும் முதியவர்களையும் போராட்டத்தில் ஏன் 'வைத்திருக்கிறார்கள்'? அங்கேயும் அவர்கள் செயப்படுபொருள்தான். (ஆண்களை யாரும் எங்கும் 'வைத்திருப்பதாக'க் கேள்விப்பட்டதில்லை.)

2015 செப்டம்பரில் மூணாறில் இதே கேள்வி எழுந்தது. கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையை மறித்தார்கள். கம்பெனி அந்த ஆண்டு 10 சதவீதமாகக் குறைத்திருந்தது. நாள் கூலி 250 ரூபாயைக்கூடத் தொடவில்லை. குடியிருப்பு பழைய லயங்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் பக்கத்தில் அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். உடனே, பின்னால் இருப்பது யார் என்று தேடல் தொடங்கியது. தமிழ்த் தீவிரவாதக் குழுக்கள் என்றுகூடச் சொல்லப்பட்டது. எண்ணெய் எத்தனை வருடமாக ஊறியிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. தூண்டாமணி விளக்கு என்றும் தமிழில் ஒன்று உண்டு; குச்சி வேண்டாம், எண்ணெய் தானே இறங்கும்.

ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று ஒப்பந்தமானது. கூட்டினால் கேட்ட 20தான். அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அந்தப் பெண்களில் சிலர் வேட்பாளர்களாக நின்றார்கள். வென்றவர்களும் உண்டு.