பெயருக்குள் ஒரு கூவிளம்

அமிதசாகரரின் காரிகை என்னும் யாப்பு நூலை மனனம் செய்வித்து, எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறு உறுப்புகளையும் ஒரே மூச்சில் பாலர் தலையில் ஏற்றிவிடுகிற சம்பிரதாயம் எனக்கு ஒருபோதும் உவப்பானதன்று. எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் வந்து அமர்ந்தால், அவரவர் பெயரையே கைதட்டிச் சொல்லும்படி கேட்பேன்; இரண்டு தட்டும் நேரசை, ஆகவே தான் ஒரு தேமா என்றறிந்து கண்ணன் சந்தோஷப்பட, 'மா', 'லதி' என்று பிரித்த மாலதி, நேரசையும் நிரையசையும் கூடிய கூவிளம் தனக்கே வாய்த்ததென்று கர்வம் கொள்ள, கலைமகளோ இரண்டு நிரையும் தன்வசமென்று கருவிளமாய் நிமிர்ந்து உட்காருகிறாள். (புளிமாவுக்கு ஆளின்றி, அடுத்த வீதிக் குமரனை அழைத்துவர நேர்ந்தது தனி விஷயம்.) தளைக்கு இன்னும் வயது வரட்டும். எதுகையோ, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது என்று சொன்ன மாத்திரத்திலேயே, கண்ணனைச் சுற்றிக் கிண்ணம், வண்ணம், எண்ணெய் என்று கூச்சல் வாசல்வரை கேட்கிறது.