பாயைப் பார்த்து மயங்காதீரும்

ஆரியங்கோட்டில் ரப்பர் உண்டு, மரச்சீனி உண்டு, வாழை உண்டு. கடல் இல்லை. நெய்யாற்றங்கரைக்கு உள்பக்கமாக, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு போய்ச் சேர, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லை இப்படி விழுந்தாலும் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தமிழ் இன்னும் புழங்குகிறது. இப்படிப்பட்ட ஊரில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்றபோது, மனைவி முதலில் அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டார்.

வேடிக்கை இல்லை. ராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவில் செகந்தராபாத்தில் வேலை பார்த்த காலத்தில் ஹுசேன் சாகர் ஏரியில் பாய்ப் படகுப் போட்டிகளைக் கண்டவர் அவர். படகுகளைத் தண்ணீரில் இறக்கவும் ஏற்றவும் கை கொடுத்திருக்கிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறியும் இருக்கிறார். மோட்டார் சத்தம் இல்லாமல், காற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கிப் போகும் அந்தச் சுகம் முப்பது வருடங்களாக உள்ளே கிடந்தது. ஓய்வுப் பணத்தில் மகள் கல்யாணம் முடிந்தது, வீட்டுக் கூரை மாறியது. மிச்சம் ஒன்றரை லட்சம். நெய்யாறு பூவாறில் கடலைத் தொடும் இடத்துக் காயலில் ஒரு சின்னப் படகு. அவ்வளவுதான் ஆசை.

புதுப் படகு கட்டுப்படியாகாது. பழையதுதான். விசாரித்ததில், கடலோரத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரர் விற்க வைத்திருந்த படகு கண்ணில் பட்டது. எண்டர்பிரைஸ் வகை. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது. நான்கு மீட்டர் நீளம், இரண்டு பேர் ஓட்டலாம். ப்ளைவுட் உடம்புக்குப் பளபளவென்று வெள்ளை பெயின்ட், நீலப் பாய். விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். முன்பணம் கொடுக்க அவர் கை பையைத் தொட்டுவிட்டது. ஏதோ ஒரு யோசனையில், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லித் திரும்பினார்.

ஆரியங்கோட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவர் உண்டு. பொழியூர்க்காரி. அவரிடம் அவர் மனைவி குறைபட்டுக்கொண்டதும், அந்த அம்மாள், “எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க. அவரு பாயில ஓடின ஆளு” என்றார்.

பாயில் ஓடிய ஆள் என்றால் இந்தக் கரையில் அதற்கு ஒரு பொருள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் வெளிப்பொருத்து எஞ்சின் வந்து பரவும்வரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைகளின் கட்டுமரமும் வள்ளமும் துடுப்பையும் பாயையும் நம்பித்தான் ஓடின. விடியுமுன் கரைக்காற்றில் போய், பகலில் கடல்காற்றைப் பிடித்துத் திரும்புவது வழக்கம். எஞ்சின் வந்தது. முட்டத்தில் ப்ளைவுட் வள்ளம் கட்டும் தொழில் வேரூன்றியது. பிறகு ஃபைபர் வந்தது. பாய் சுருட்டி மூலையில் போடப்பட்டது. அந்தக் கடைசித் தலைமுறையில் ஒருவர் இந்தப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். பெரியவர் நீலப் பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. படகைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். பிறகு மணலில் உட்கார்ந்து, விரல் மடக்கி, அடியைத் தட்டத் தொடங்கினார். முன்னாலிருந்து பின்னால்வரை, ஒவ்வொரு சாணாக. ‘டக், டக்’ என்று வந்த சத்தம் பின்பக்க மூலையில் ‘தொப்’ என்று மாறியது. பேனாக்கத்தி முனையை அங்கே வைத்து அழுத்தினார். பழைய சோற்றில் இறங்குவதுபோல இறங்கியது.

“தம்பி, பாயைப் பாத்து மயங்காதீரும். அடியைப் பாரும். புதுப் பெயின்ட் அடிச்சு விக்கிறவன் எதையோ மறைக்கான்.”

நல்ல ப்ளைவுட் என்றாலும், விளிம்பில் பூச்சு விட்டுப்போனால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். அடுக்குகள் பிரியும், பிறகு மரம் உளுக்கும். மேலே பெயின்ட் எத்தனை பூசினாலும் உள்ளே நடப்பது நிற்காது. அந்த மூலையை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைக்கலாம்தான். அதற்கு ஆகும் செலவைப் படகின் விலையோடு கூட்டிப் பார்த்தால், விற்பவர் சொன்ன விலை விலையே அல்ல.

பெரியவர் அதோடு விடவில்லை. பாய்மரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பி வடத்தின்மேல் ஒரு பஞ்சுத் துண்டை வைத்து இழுத்தார். மூன்று இடங்களில் பஞ்சு சிக்கியது. கண்ணுக்குத் தெரியாமல் இழை அறுந்திருந்தது. அப்படி ஒரு வடம் பலத்த காற்றில் விட்டுப்போனால் மரம் சாயும். கடைசியாகத்தான் பாய்க்கு வந்தார். வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தார். தையலை நகத்தால் சுரண்டினார். நூல் பொடியாக உதிர்ந்தது. துணிக்கு முன்னால் வெயில் தின்பது நூலைத்தான். பாய் பளிச்சென்று இருக்கும், தையல் செத்திருக்கும்.

“ஏன் விக்கிறீங்க?” என்று பெரியவர் விடுதிக்காரரின் ஆளிடம் கேட்டார். பதில் சுற்றிச் சுற்றி வந்தது. இருவரும் பஸ் ஏறினார்கள்.

அடுத்த மூன்று மாதம் பட்டாளக்காரர் படித்தார், விசாரித்தார். பழைய படகென்றாலே ஆபத்தோ என்ற சந்தேகமும் வந்தது. அதற்கு விடை ஒரு மலையாளியின் கதையில் இருந்தது. கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018இல் கோல்டன் குளோப் போட்டிக்குப் போனார். தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி அது. அவருடைய ‘துரியா’ அந்தப் போட்டிக்காகவே கோவாவில் கட்டப்பட்ட புதுப் படகு. அந்த செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் ஒடிந்து, அவர் முதுகெலும்பு அடிபட்டு, பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்க வேண்டியிருந்தது. 2022இல் அதே மனிதர் மறுபடி போனார். 1988க்கு முந்தைய வடிவப் படகுகளுக்கு மட்டுமே அனுமதி தரும் போட்டி அது. ரஸ்ட்லர் 36 என்ற பழைய வடிவத்தில் ஒரு படகு. புறப்பட்ட 16 பேரில் விதிப்படி நிற்காமல் முடித்தவர்கள் மூன்றே பேர். டோமி 236 நாளில் இரண்டாவதாக வந்தார். புதுசு என்பது மட்டும் காப்பு அல்ல, பழசு என்பது மட்டும் குற்றம் அல்ல.

ஆனால் வீட்டில் பிரச்னை வேறு. அவருக்கு நீச்சல் அரைகுறை. மனைவி அதைப் பிடித்துக்கொண்டார். “ரோட்டுல போற வயசுல தண்ணில போறதா?” என்று அழுதார். சமாதானத்துக்கு வந்த பெரியவர், மனைவியின் பக்கமே பேசினார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. பெரியவரின் தம்பி மகனும் ஒருவன். “படகு நல்ல படகுதான். எஞ்சினும் புதுசு. காத்துதான் வேற” என்றார். அதன்பின் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

பிறகு பெரியவரே நிபந்தனை வைத்தார். பொழிமுகத்தைத் தாண்டக் கூடாது. மிதவைச் சட்டை இல்லாமல் ஏறக் கூடாது. முதலில் நீச்சல். பட்டாளக்காரர் நெய்யாற்றில் இறங்கினார். பேரன் வயதுப் பையன்களோடு இரண்டு மாதம் கை கால் அடித்தார்.

கொச்சியில் ஒரு லேசர் விலைக்கு வந்தது. ஒற்றை ஆள் படகு. 1971இல் சந்தைக்கு வந்த வடிவம், 2019 முதல் இல்கா என்று பெயர். சென்னையின் நேத்ரா குமணனும் வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்தக் குடும்பத்துப் படகைத்தான். பாய்மரத்துக்குக் கம்பி வடம் கிடையாது. குறைந்த உறுப்பு, குறைந்த கவலை. ஆனால் இந்தப் படகு பார்க்க அசிங்கம். மேல்தளம் முழுக்கக் கீறல், நிறம் மங்கி மஞ்சளடித்திருந்தது. பாய் பழையதாகி, சுக்குக் காகிதம்போலத் துவண்டு கிடந்தது.

இம்முறை அடியைத் தட்டியது பட்டாளக்காரர். எங்கும் ஒரே சத்தம். பாய்மரம் இறங்கும் குழியில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்தார்கள். மட்டம் இறங்கவில்லை. அந்தக் குழி கசிந்தால் தண்ணீர் உடம்புக்குள் போகும். பிறகு விளிம்பெல்லாம் சோப்பு நுரை தடவி, பின்பக்கத் துளையில் வாயால் மெதுவாக ஊதினார்கள். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்க்கிற அதே வேலைதான். ஒரே ஓர் இடத்தில் சிறு குமிழி. அடைத்துவிடலாம். கடைசியாக எடை. லேசரின் வெறும் உடம்பு 59 கிலோ. அதற்கு மேல் பத்து பதினைந்து கிலோ காட்டினால், உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது என்று பொருள். தராசு 61 காட்டியது.

“ஏன் விக்கிறீங்க?” என்று பட்டாளக்காரர் கேட்டார். மகன் வெளிநாடு போய்விட்டான், ஓட்ட ஆள் இல்லை என்றார் விற்பவர். மகன் ஓட்டிய வருடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பழுது பார்த்த இடங்களையும் கேட்காமலே காட்டினார். விலை எழுபதாயிரம். மிச்சப் பணத்தில் புதுப் பாய், புதுக் கயிறு, இரண்டு மிதவைச் சட்டை. படகு வாங்குகிறவன் கையிலிருக்கும் பணம் முழுவதையும் படகுக்கே கொடுத்துவிட்டால், படகு கரையில்தான் நிற்கும்.

முதல் நாள் பூவாறுக் காயலில் இருபதாவது நிமிடம் கவிழ்ந்தார். நடுப்பலகையின்மேல் ஏறி நின்று படகை நிமிர்த்தி, மறுபடி ஏறினார். மறுபடி கவிழ்ந்தார். கரையில் பெரியவர் பீடி பற்றவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மனைவி வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், இரண்டாவது மிதவைச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார், மாட்டிக்கொள்ளவில்லை.

ஆரியங்கோட்டில் இப்போது யாராவது பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் பட்டாளக்காரரைக் கூட்டிப் போகிறார்கள். அவர் புது பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. டேங்கின் அடியை விரலால் தட்டுகிறார்.