அந்தச் சாயங்காலம் உனக்குச் சேரவேண்டியது

கண்ணு, நீ வலய மட்ட ஓட்டப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று கேட்டதும் அப்பாயிக்கு மனசு குளிர்ந்துபோனது. கூடவே ஒரு பயமும் தொற்றிக்கொண்டது. ஐந்தாம் வகுப்பில் பையன்களை முந்தி ஓடியவள், பெரிய மனுஷியான பிறகு போட்டி நாளன்று ஓரமாக நின்று கைதட்டுவதை நம் தேயிலைத் தோட்டத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அவளுக்குக் காலில் பலமா குறைந்தது? அவளுடைய சாயங்காலத்தை வீடு எடுத்துக்கொண்டது. தண்ணீர், விறகு, தம்பி, அடுப்பு. அண்ணன்காரன் மட்டும் அதே நேரத்தில் பேட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான்.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற வம்சத்துக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, இடுப்பில் படங்கு, காலில் அட்டை, தலையை அழுத்தும் கூடைக் கயிறு, முழுநாள் சம்பளமான முழுப் பேருக்குக் கொழுந்துக் கிலோ சேருமா என்று தராசடியில் தவிப்பு. அந்த ஏற்றமெல்லாம் தோட்டத்துக்காக ஏறியது. என் முழங்கால் அதில்தான் தேய்ந்தது. நீ ஓடுவது உனக்காக. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதே.

நம் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். இப்படிப்பட்ட உயரத்தில் மூச்சுக் காற்று மெலிசு. அதில் பழகிய உடம்பில் இரத்தச் சிவப்பணு கூடும், நெடுந்தூரம் தாங்கும். அதற்காகவே ஓட்டக்காரர்கள் உலகெங்கும் மலை தேடிப் போகிறார்கள். கென்யாவில் கெரிச்சோ என்று ஒரு தேயிலை ஊர் உண்டு, நம் ஊர் மாதிரியே பச்சை. அதே மேட்டு நிலப் பக்கத்தில் பிறந்தவள்தான் ஃபெய்த் கிப்யெகோன். 1500 மீட்டரில் ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். நடுவில் 2018இல் பிள்ளை பெற்றாள். பிள்ளை பிறந்த பிறகு வாங்கியவைதான் பின்னைய இரண்டு தங்கமும். கல்யாணம், குழந்தை என்று வந்தால் ஓட்டம் முடிந்தது என்கிற ஆட்களுக்கு இதைச் சொல்.

நம் நாட்டிலேயே தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உயரம் 208 சென்டிமீட்டர். அப்படி வளர்ந்த பெண்ணை நம் சனங்கள் எப்படிப் பார்க்கும் என்று உனக்கே தெரியும். வலைப்பந்தாட்டத்தில் அந்த உயரமே அவளுக்குப் பலமாயிற்று. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு, எல்லா நாட்டுக்காரிகளையும் தாண்டி முதலிடத்தில் நின்றாள்.

பிள்ளைகளிடம் மட்டும் "தைரியமாயிரு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது. மாதவிலக்கு நாளில் மாற்றிக்கொள்ள ஒரு சுத்தமான கழிப்பறை மைதானத்துப் பக்கத்தில் வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குக் கூடப் போக ஒரு டீச்சர் வேண்டும். இவை இல்லாததால்தான் பல தாய்மார் பிள்ளையை நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் போகிறேன். உன் அம்மாவும் வரட்டும்.

வீட்டுக்கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அப்பன் நான் பெற்றவன்தானே, அவனிடம் பேசிவிட்டேன். பயிற்சி நாட்களில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பிள்ளை பார்க்கும் புள்ளக்காம்பராவிலிருந்து கூட்டி வருவதும் உன் அண்ணன் பொறுப்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான், திரியட்டும். பஸ் இருட்டி வந்தால் சந்தியில் அவனே டோர்ச்சோடு நிற்பான், அதையும் சொல்லிவிட்டேன்.