இரு தேநீர் அறைகள்

மலைநாட்டைப் பற்றி நாம் அறிந்திருந்ததெல்லாம் கோப்பைக்குள் கண்ட நிறம் மட்டுமே. ஒரு காலைப் பொழுதில் ஹட்டனைக் கடந்து தலவாக்கலையில் இறங்கினோம். அங்கே ஆற்றை மறித்து நிற்கிறது மேல் கொத்மலை அணை. ஜப்பானின் கடனுதவியால் எழுந்து, 2012ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தரும் இத்திட்டத்தின் ஆற்றல் 150 மெகாவாற்று. அணையைக் கண்டதும் நம் சிந்தை ஜப்பானை நோக்கிச் சென்றது. அதுவும் தேயிலை விளையும் தீவு நாடல்லவா?

ஜப்பானியர் பறித்த கொழுந்தை உடனே நீராவியில் அவித்து, அதன் பச்சை நிறத்தைக் காப்பர். இங்கோ கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்திக் கறுப்புத் தேயிலையாக்குவர். அங்கே தேயிலை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயிர். இங்கே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய வாணிபப் பயிர்.

பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ என்பார் தேநீர் அருந்துவதையே ஒரு தவமாக்கினார். அவர் அமைத்ததாகப் போற்றப்படும் தைஆன் என்னும் தேநீர் அறை இரண்டே பாய்களின் அளவுடையது. அத்தகைய அறைகளின் வாயில் மிகச் சிறியது. எத்துணைப் பெரிய வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்தே நுழைதல் வேண்டும். உள்ளே பெரியோர், சிறியோர் என்ற பேதமில்லை.

இந்நினைவோடு ஒரு தோட்டத்து லயத்தை அடைந்தோம். ஆங்கிலேயர் காலத்துப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. வாயில் தாழ்வு, நாமும் குனிந்தே நுழைந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பியிருந்த அம்மையார், "ஒக்காருங்க ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார். பால் கலவாத தேநீர். தொட்டுக்கொள்ள உள்ளங்கையில் சிறிது சீனி. "நல்ல தூளெல்லாம் கொழும்புக்குப் போயிரும்ங்க" என்று சிரித்தார்.

ரிக்கியூவின் அறை சிறிதானது அவர் விரும்பியதால். இவ்வறை சிறிதானது பிறர் விதித்ததால். அங்கே தேநீர் முடிந்ததும் விருந்தினர் தம் இல்லம் திரும்புவர். இங்கே ஒரு குடும்பம் தலைமுறைகளாக உண்டு, உறங்கி, பிள்ளை வளர்க்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமுதாயம் இது. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அளித்தது. குடியுரிமை வந்தது, குடியிருக்கத் தக்க வீடும் காணியும் இன்னும் பலரை வந்தடையவில்லை.

ஜப்பானில் கிண்ணத்தை ஏற்கும் விருந்தினர் தலைவணங்கியே அருந்துவராம். அம்மையாரின் விரல்களில் கொழுந்துக் கறை படிந்திருந்தது. நாமும் இரு கைகளாலும் கோப்பையை வாங்கித் தலைதாழ்த்தினோம். அவர் ஒன்றும் விளங்காமல், "சூடு பத்தலையாங்க?" என்று கேட்டார்.