மாமாவின் ஒரு வார்த்தை

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடித்துத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தேன். என் லாத்தாவின் மகன் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். தோளில் நீளமான கறுப்புப் பெட்டியொன்று தொங்கியது. ஸலாம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றும் முன்பே, "மாமா, உங்களிடம் ஒரு வார்த்தை வாங்கிப் போகத்தான் வந்தேன்" என்றான்.

பெட்டிக்குள் மின்சாரக் கிதார் ஒன்று இருந்தது. செம்மையும் மஞ்சளும் கலந்து தீச்சுடர் போல் மின்னிய அதன் தலைப்பகுதியில், முத்துச்சிப்பி நிறத்தில் "கிப்சன்" என்ற பெயர்.

இசைக் கருவிக்கு இந்த ஏட்டில் என்ன வேலை என்று நெற்றியைச் சுருக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் புகுந்தது அதை வாசிப்பதைப் பற்றியோ கேட்பதைப் பற்றியோ அன்று. விற்பதையும் வாங்குவதையும் பற்றி மட்டுமே. நான் அதை ஒருநாளும் வாசித்தறியேன். ஆனால் இருபத்தாறு ஆண்டுகள் அதன் வயிற்றைத் திறந்து மூடியவன். 1983இல் நாகூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற நான், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கக் கற்ற கையோடு ஓர் இசைக்கருவிக் கடையின் பின்னறையில் அமர்ந்தேன். 2009இல் ஊர் திரும்பும் வரை ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலே எனக்குச் சோறு போட்டது.

மருமகன் அந்தக் கிதாரை எட்டு மாதங்களுக்கு முன் யாரோ ஒருவனிடமிருந்து 1,10,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். அதில் 60,000 ரூபாய் லாத்தா எடுத்த சீட்டுப் பணம். இப்போது அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு நெருக்கடி. பெங்களூரில் ஒருவர் 1,25,000 ரூபாய் தர ஆயத்தமாக இருக்கிறார். அவர் கேட்பது ஒன்றேதான்: சிங்கப்பூரில் இத்தனை ஆண்டு வேலை பார்த்த மாமா, இது அசல்தான் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"எண்ணைச் சரிபார்த்துவிட்டேன் மாமா. சரியாக இருக்கிறது" என்றான்.

தலையின் பின்புறம் 91331542 என்று பதிந்திருந்தது. கிப்சன் நிறுவனம் 1977 முதல் 2005 வரை பெரும்பாலும் எட்டு இலக்க எண்ணையே மரத்தில் பதித்து வந்தது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இடையிலுள்ள மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று அன்றைய வரிசை. ஐந்நூறும் அதற்கு மேலும் என்றால் நாஷ்வில் நகரத் தொழிற்சாலை. ஆக இது 1991ஆம் ஆண்டின் 133ஆம் நாள், அதாவது மே 13, நாஷ்வில்லில் முத்திரையிடப்பட்டது என்று பொருள். திங்கட்கிழமை, வேலை நாள்தான். கணக்கில் குற்றமே இல்லை.

குற்றமில்லாத எண்ணைக் கண்டு மயங்குபவர்கள் எத்தனை பேர் தெரியுமா! போலிக் கடவுச்சீட்டு அடிப்பவன், இல்லாத எண்ணையா அதில் அடிக்கிறான்? எங்கோ இருக்கும் அசல் ஒன்றின் எண்ணைப் பார்த்து அப்படியே ஆயிரம் போலிகளில் பதித்துவிடலாம். எண் தவறாக இருந்தால் போலி என்று சொல்லலாம். எண் சரியாக இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது. பொய் சொல்வதற்கு மிக எளிதான இடம் அதுதான்.

ஆகவே நான் எண்ணை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போனேன். நரம்புகள் கழுத்தின் மேல் ஏறும் இடத்துக்கு அப்பால், மணி வடிவில் சிறு மூடி ஒன்று இருக்கும். அதனடியில்தான் கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியை இறுக்கும் மரை இருக்கிறது. கிப்சனில் அந்த மூடியை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். இதில் மூன்று. மூடியைக் கழற்றினேன். கிப்சனில் உள்ளே பித்தளையில் அறுகோண மரை தெரியும். பாக்ஸ் ஸ்பானர் போட்டுத் திருக வேண்டும். இதில் ஆலன் கீ நுழைக்கும் குழி இருந்தது.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் வேலை ஓடாது.

கிதாரைக் கவிழ்த்து, தலை கழுத்தோடு சேருமிடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அந்நிறுவனத்தார் கழுத்தையும் பின்னோக்கிச் சாய்ந்த தலையையும் ஒரே மகோகனித் துண்டில் அறுப்பார்கள். மரம் நிறைய வீணாகும். அந்த இடத்தில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படுவதால், கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். ஆயினும் அதுதான் அவர்கள் முறை. போலி செய்பவன் மரத்தை மிச்சப்படுத்தத் தலையைத் தனித்துண்டாக ஒட்டுவான். அந்த ஒட்டு, வண்ணப் பூச்சுக்கு அடியில் கழுத்தின் குறுக்கே நேர்கோடாகத் தெரியும். இங்கே அவசரப்படக் கூடாது. முறிந்து ஒட்டப்பட்ட அசலிலும் கோடு தெரியும். ஆனால் முறிவு கோணலாகவும் பிசிறாகவும் ஓடும்; வாள் அறுத்த கோடு நேராக ஓடும். இதில் ஓடியது அடிமட்டம் வைத்து இழுத்தது போன்ற கோடு.

பின்பலகையைத் திறந்ததும் மீதமிருந்த ஐயமும் போயிற்று. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடுகள் அசலில் ஏறத்தாழ ஓர் அங்குல விட்டம் கொண்ட தடித்த வட்டங்கள். அவற்றின் முதுகில் எண் பொறித்திருப்பார்கள். 137 என்று தொடங்கினால் அமெரிக்காவின் சிடிஎஸ் நிறுவனத்தினுடையது, அடுத்து வருவது ஆண்டும் வாரமும். இதில் இருந்தவையோ மலிவு வானொலிப் பெட்டியில் வரும் சிறு கட்டுப்பாடுகள். முதுகு மொட்டையாக இருந்தது. (2008க்குப் பின் வந்த சில அசல் கிப்சன்களில் கம்பிக்குப் பதிலாக அச்சுச் சுற்றுப் பலகையே இருக்கும். அதைக் கண்டு போலி என்று கூவியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்பவன் இரு பக்கமும் தவறுவான்.)

"என்ன மாமா?" என்றான்.

"போலி" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு விற்றவனுக்குத் தொலைபேசி செய்தான். எண் வேலை செய்யவில்லை. இப்படி ஏமாந்தவன் அவன் ஒருவன் அல்லன். 2025இல் அமெரிக்கச் சுங்கத் துறையினர், லாஸ் ஏஞ்சல்ஸ் - லாங் பீச் துறைமுகத்தில் ஆசியாவிலிருந்து வந்த போலிக் கிப்சன்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்ததாக அறிவித்தார்கள். அசலாக இருந்திருந்தால் அவற்றின் மதிப்பு ஒரு கோடியே எண்பது இலட்சம் டாலருக்கு மேல். அவனிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக இல்லை போலும்.

மஃரிபுக்குப் பின் லாத்தா வந்தார். செய்தி அதற்குள் அவரை எட்டியிருந்தது. என் எதிரே அமர்ந்து, குரலை உயர்த்தாமலே கேட்டார்: "தம்பி, நீ பொய் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாது, பார்க்க நேரமில்லை என்று சொல்லேன். வாங்குகிறவர் தம் கண்ணால் பார்த்து வாங்கட்டும். பிள்ளையின் படிப்பு இருக்கிறது."

லாத்தா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வாப்பா மௌத்தான பின் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவர் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றிரவு முழுவதும் நான் மறுக்கவில்லை. "காலையில் பேசலாம் லாத்தா" என்று மட்டும் சொன்னேன்.

உறங்க முடியாமல் கிடந்தபோது நினைவில் வந்தது 1988ஆம் ஆண்டு.

அன்றைய முதலாளியின் கையில் ஜப்பானில் செய்த நல்ல படியொன்று சிக்கியது. எழுபதுகளில் ஜப்பானியர் அமெரிக்கக் கிதார்களைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து குவித்தார்கள். 1977இல் கிப்சனின் அன்றைய உரிமையாளரான நார்லின், தலைப்பகுதியின் வடிவத்தைப் பார்த்துச் செய்ததற்காக வழக்கே தொடுத்தது. அவை மோசமான சரக்கல்ல. தம் சொந்தப் பெயரோடு விற்றால் நியாயமான விலை பெறும். முதலாளி சொந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தார். கிப்சன் பெயர் வைத்த தலைமுகப்பை எங்கிருந்தோ வருவித்து ஒட்டினார். 1976 என்று சொல்லி விற்பது அவர் திட்டம். 1975 முதல் 1977 வரை கிப்சன் எண்ணை மரத்தில் பதிக்காமல் ஒட்டுப்படமாகத்தான் ஒட்டியது என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று.

உட்பகுதி என்னிடம் வந்தது. உடைந்த அமெரிக்கக் கிதார் ஒன்றிலிருந்து கழற்றிய கட்டுப்பாடுகளை அதில் பொருத்தச் சொன்னார். முதுகில் 1377633 என்று இருந்தது: 1976ஆம் ஆண்டின் 33ஆம் வாரம். ஜப்பானியத் துளைகள் சிறியவை. அமெரிக்கத் தண்டு நுழையவில்லை. ரீமர் போட்டு நான்கு துளைகளையும் பெரிதாக்கினேன். மேசையில் விழுந்த மரத்தூளை ஊதித் தள்ளினேன். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். குறையை மறைத்து விற்கலாகாது என்பதை ஒன்பது வயதில் மத்ரஸாவில் ஓதியவன் நான். எனினும் வேலை அனுமதி முதலாளியின் கையொப்பத்தில் இருந்தது. அந்த மாதம் லாத்தாவின் நிக்காஹ் கடனுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது.

அதை வாங்கியவர் ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞர். விடுதி ஒன்றில் இரவு வாசிப்பவர். 1,400 வெள்ளியைப் பழைய உறையிலிருந்து எடுத்து எண்ணினார். பத்து வெள்ளித் தாள்களே அதிகம். இரண்டு வாரம் கழித்து, கம்பியொன்று விட்டுப்போயிற்று என்று திரும்ப வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார். நான் பற்று வைத்துக் கொடுத்தேன். அவர் பெருமையோடு கழுத்தைத் தடவியபடி, "அசல் அசல்தான், இல்லையா?" என்று கேட்டார்.

1976இல் செய்த அந்த வகைக் கிப்சனில், முறியாமலிருக்க, தலை சேருமிடத்தின் பின்னால் மரத்தைச் சிறு திமில்போல் தடித்து விட்டிருப்பார்கள். அவர் கை தடவிய கழுத்தில் அது இல்லை. அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நான் பொய் சொல்லவில்லை. லாத்தா இப்போது கேட்டதைத்தான் செய்தேன். புன்னகைத்தேன், கூலி வேண்டாம் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பின் லாத்தாவிடம் இதைச் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் யாரிடமும் சொல்லாதது. நிக்காஹ் கடன் என்று சொன்ன இடத்தில் மட்டும் அவர் தலை குனிந்தார். பிறகு எழுந்து, "தேநீர் போடுகிறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெங்களூர்க்காரரை நானே அழைத்தேன். மூன்று திருகாணி, ஆலன் குழி, நேர்கோடு, மொட்டை முதுகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரியாதையானவர். படியாக எடுத்துக்கொண்டால் 15,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மருமகன் வேண்டாம் என்று தலையசைத்தான். பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, ஸலாம் சொல்லாமல் பேருந்தேறினான். கல்லூரிக் கட்டணத்தில் பாதியை நான் வைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மீதிக்கு லாத்தா வளையலை அடகு வைத்தார். அந்த வளையல் இதை எழுதும் வரை மீளவில்லை.

ஐந்து மாதம் அவன் என்னோடு பேசவில்லை. ஆறாம் மாதம் ஓர் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பின்னணியில் இரண்டு மூன்று பையன்களின் குரல்.

"மாமா, நண்பன் ஒரு கிதார் வாங்கப் போகிறான். மூடியைக் கழற்றிவிட்டேன். திருகாணி இரண்டு. உள்ளே பித்தளை மரை. பின்னால் கோடு இல்லை. எண்ணை நான் பார்க்கவே இல்லை."

"பின்பலகையைத் திற" என்றேன். திருப்புளி உருளும் ஓசை கேட்டது.